சென்னையில் யாட் கிளப்பில் சேர வேண்டுமா? முதலில் படகில் ஏறுங்கள், படிவம் அப்புறம்

யாட் கிளப் என்று சொன்னதுமே வெள்ளைக் கால்சட்டை, கறுப்புக் கண்ணாடி, பின்னணியில் கோடி ரூபாய்ப் படகு என்று ஒரு படம் நம் ஆட்களுக்கு ஓடிவிடும். "அதெல்லாம் பெரிய இடம்பா" என்று விசாரிக்காமலே விட்டுவிடுவார்கள். பெரிய இடத்து ஆட்கள் அங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை, இருக்கிறார்கள். ஆனால் பாய்மரப் படகு ஓட்டுகிற எந்தக் கிளப்பை எடுத்துக்கொண்டாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே ஒரே தலைவலிதான்: இரண்டு பேரோ நான்கு பேரோ ஓட்ட வேண்டிய படகுக்கு ஒரு ஆள் குறையும். வருகிறேன் என்றவர் வந்திருக்க மாட்டார். மாமனார் வீட்டு விசேஷம், ஆபீசில் மாதக் கடைசி, ஏதோ ஒன்று. அந்தக் குறைகிற ஆளாக நீங்கள் போய் நிற்பதுதான் கிளப்பில் சேர்வதற்குக் குறுக்கு வழி, சொல்லப்போனால் நேர் வழியே அதுதான். விண்ணப்பம், முன்மொழிபவர், கமிட்டி எல்லாம் அதற்குப் பின்னால் வருகிற சமாசாரம்.

சென்னையை வைத்தே சொல்கிறேன். இங்கே இந்த விளையாட்டுக்கு இரண்டு முகவரி. ஒன்று ராயல் மெட்ராஸ் யாட் கிளப், 1911-ல் தொடங்கியது. தொடங்கியவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், அப்போது மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட்டின் தலைவர். கணித மேதை ராமானுஜன் 1912-ல் குமாஸ்தாவாகச் சேர்ந்தாரே, அது இவருடைய அலுவலகத்தில்தான். படகு ஓட்டுகிறவர்கள் இவரை நினைத்துக்கொள்ள வேறு காரணம் இருக்கிறது. முதலில் துறைமுகத்தின் வாயில் கிழக்கே பார்த்து இருந்தது. மணல் சேர்ந்தது, வங்காள விரிகுடாவின் அலையும் நேராக உள்ளே வந்தது. அந்த வாயிலை அடைத்துவிட்டு வடகிழக்கில் புது வாயில் வைத்தது இவர் காலத்தில். இன்றைக்குப் புதிதாக வருகிறவர்கள் அலைத் தடுப்புச் சுவருக்கு உள்ளே ஓரளவு அடங்கின தண்ணீரில் பழக முடிவதற்கு அதுவும் ஒரு காரணம். மெரினாவில் இவ்வளவு மணல் சேர்ந்ததும், வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்ததும் அதே துறைமுகச் சுவர்களால்தான், அது வேறு கதை.

இன்னொரு முகவரி தமிழ்நாடு செய்லிங் அசோசியேஷன். நேத்ரா குமணன் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், பாய்மரப் படகுப் போட்டியில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண், டோக்கியோ, பாரிஸ் இரண்டிலும் ஓட்டினார். 2009-ல் அவருக்கு இந்த விளையாட்டு அறிமுகமானது இந்த அசோசியேஷன் நடத்திய கோடை முகாமில். டோக்கியோவுக்கு அவரோடு போன கே.சி. கணபதி, வருண் தக்கர் ஜோடியும் சென்னைப் பையன்கள்தான், 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இருவர் ஓட்டுகிற 49-இஆர் வகைப் படகில் வெண்கலம் வாங்கியவர்கள். ஒரு நகரத்திலிருந்து இத்தனை பேர் போயிருக்கிறார்கள், ஆனால் பீச் ரோட்டில் தினமும் போகிறவர்களுக்கே துறைமுகச் சுவருக்கு அந்தப் பக்கம் இப்படி ஒன்று நடப்பது தெரியாது.

தெரியாததற்குக் காரணம் அந்தச் சுவரேதான். துறைமுகம் பாதுகாக்கப்பட்ட பகுதி. வாசலில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை நிற்கிறது. நினைத்த நேரத்துக்கு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வர முடியாது. ஆகவே முதல் வேலை, கிளப் அலுவலகத்துக்குப் போன் போட்டோ மின்னஞ்சல் அனுப்பியோ "கற்றுக்கொள்ள ஆசை, எப்போது வரலாம், நுழைவு அனுமதிக்கு என்ன வேண்டும்" என்று கேட்பது. ஆதார் மாதிரி ஒரு அடையாள அட்டையை அசலாகவே கையில் வைத்திருங்கள், போனில் இருக்கிற படத்தை நம்பிப் போகாதீர்கள். வண்டியில் போவதானால் வண்டி எண்ணையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள உறவினரைக் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தால் அதைத் தனியாகக் கேளுங்கள், கடைசி நிமிடத்தில் வாசலில் நின்று வாதாடிப் பயனில்லை. உள்ளே போனதும் கப்பலையும் கிரேனையும் பார்த்து போனை நீட்டாதீர்கள்; படமெடுக்கக் கட்டுப்பாடு உண்டு. எங்கே எடுக்கலாம் என்று கிளப்பில் கேட்டுக்கொள்வது நல்லது.

சரி, போன் போடுவதற்கு முன்னால் உங்களுக்கு என்ன வேண்டும் என்று நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சாப்பிட, நீச்சல் குளம், ரம்மி மேசை, வெளியூரில் தங்க அறை, இதெல்லாம்தான் தேவை என்றால் நகரத்தில் அதற்கென்றே பழைய கிளப்புகள் இருக்கின்றன, அங்கே போங்கள். படகு கிளப்பில் கடலைப் பார்த்து உட்கார இடம் கிடைக்கும், ஆனால் அங்கே பேச்சு முழுக்கக் காற்று, கயிறு, யார் யாரை எந்த மிதவையில் மறித்தார்கள் என்றே ஓடும். படகில் ஏறாதவருக்கு இரண்டாம் வாரமே சலித்துவிடும்.

ஆசை படகுதான் என்றால், உறுப்பினர் கட்டணம் எவ்வளவு என்று முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். பெரியவர்களுக்கான ஆரம்பப் பயிற்சி எப்போது தொடங்குகிறது என்று கேளுங்கள். பயிற்சியில் சேர உறுப்பினராக இருக்க வேண்டிய அவசியம் பொதுவாக இருக்காது, இருந்தாலும் குறுகிய காலத்துக்குத் தற்காலிக உறுப்பினர் அட்டை போட்டுக் கொடுப்பார்கள். லட்சக் கணக்கில் கட்டிவிட்டு "எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை" என்று உணர்வதைவிட, ஒரு பயிற்சிக் கட்டணத்தோடு அதைத் தெரிந்துகொள்வது எவ்வளவோ மேல்.

நீச்சல் தெரிய வேண்டுமா? தெரிய வேண்டும். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டுதான் ஏறுவோம், ரெஸ்க்யூ படகும் சுற்றிக்கொண்டே இருக்கும், ஆனாலும் படகு கவிழும்போது பதறாமல் இருக்கிற அளவுக்குத் தண்ணீர் பழக்கம் அவசியம். நிற்காமல் 50 மீட்டர் நீந்த முடியாதென்றால் முதலில் மாநகராட்சி நீச்சல் குளத்தில் இரண்டு மாதம் போடுங்கள். கிளப் கேட்கிறதோ இல்லையோ, உங்களுக்காகவே.

படகு கவிழும் என்று சொன்னேன் இல்லையா, அதை வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சின்னப் படகில் கவிழ்வது விபத்து அல்ல, பாடத்திட்டத்திலேயே உண்டு. பயிற்சியாளரே கவிழ்க்கச் சொல்வார். படகு பக்கவாட்டில் சாய்ந்து பாய் தண்ணீரில் படுத்துவிடும். நீந்திச் சுற்றி அடிப்பக்கம் வந்து, நடுவில் துடுப்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற சென்டர்போர்டைப் பிடித்து, அதன்மேல் ஏறி நின்று, விளிம்பைப் பிடித்துக்கொண்டு உடம்பைப் பின்னால் சாய்த்தால் படகு மெதுவாக, வேண்டா வெறுப்பாக, நிமிரும். நிமிர்கிற நொடியில் உள்ளே பாய்ந்துவிட வேண்டும். முதல் தடவை எல்லோரும் வாய் நிறைய உப்புத் தண்ணீர் குடிப்பார்கள். மூன்றாம் தடவை சிரிப்பு வரும். சிரிப்பு வராதவர்கள் பெரும்பாலும் அதற்கு மேல் வருவதில்லை.

எந்தப் படகு கிடைக்கும்? குழந்தைகளுக்கு ஆப்டிமிஸ்ட். 2.3 மீட்டர் நீளம், முன்பக்கம் மொட்டையாகத் தொட்டி மாதிரி இருக்கும், 15 வயது வரை அதில் ஓட்டலாம். அமெரிக்காவின் புளோரிடாவில் 1947-ல் கிளார்க் மில்ஸ் என்பவர் குழந்தைகளுக்கென்று மலிவாகச் செய்யும்படி வடிவமைத்தது, இன்றைக்கும் உலகம் முழுக்க அதில்தான் பிள்ளைகள் தொடங்குகிறார்கள். பெரியவர்களுக்கு லேசர், இப்போது அதிகாரப்பூர்வமாக ஐ.எல்.சி.ஏ. என்று பெயர், கிளப்பில் பாதிப் பேர் இன்னும் லேசர் என்றே சொல்வார்கள். ஒரே 4.23 மீட்டர் படகு, உங்கள் எடைக்கு ஏற்றபடி மூன்று அளவில் பாய். ஒல்லியானவருக்குச் சின்னப் பாய், கனமானவருக்குப் பெரிய பாய், கணக்கு அவ்வளவுதான். அப்புறம் இருவர் ஓட்டுகிற 420, எண்டர்பிரைஸ் மாதிரியான படகுகள். அதற்கும் மேலே, அடியில் ஈயமோ இரும்போ கட்டின கீல் உள்ள பெரிய படகுகள், நான்கைந்து பேர் சேர்ந்து ஓட்டுவது. நான் சொன்ன ஆள் பற்றாக்குறை இந்தக் கடைசி இரண்டு வகையில்தான். இன்னொரு நல்ல செய்தி: காற்று பலமாக இருக்கும் நாளில் படகு சாயாமல் இருக்க விளிம்பில் உட்கார்ந்து வெளியே சாய்வதற்குக் கனமான ஆள் வேண்டும். தொப்பையை யாராவது மரியாதையாகக் கூப்பிட்டு உட்கார வைக்கிற விளையாட்டு எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

பயிற்சி முடிந்ததும் பலர் செய்வது, சான்றிதழை வாங்கிக்கொண்டு வாட்ஸ்அப்பில் ஒரு படம் போட்டுவிட்டு காணாமல் போவது. நீங்கள் அப்படிப் போகாதீர்கள். அடுத்த வாரமே பயிற்சியாளரிடம் "யாருக்காவது படகில் கூட ஓட்ட ஆள் தேவைப்பட்டால் என்னைக் கூப்பிடுங்கள், எந்த நாள் என்றாலும் வருகிறேன்" என்று சொல்லி நம்பர் கொடுங்கள். சொன்னால் மட்டும் போதாது, கூப்பிட்ட நாளில் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் படகுத்துறையில் நிற்க வேண்டும். ஓட்டத் தெரிந்தவர்களைவிட நேரத்துக்கு வருகிறவர்களுக்குத்தான் கிளப்பில் கிராக்கி.

போனதும் கைகட்டி நிற்காமல் செய்ய என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. தள்ளுவண்டியிலிருந்து படகை இறக்குவது, பாயின் உறைக்குள் பாய்மரத்தைச் சொருகுவது, சுக்கானை மாட்டி அது மேலே கழன்று வராதபடி கொக்கி விழுந்ததா என்று இழுத்துப் பார்ப்பது. முக்கியமாக படகின் பின்பக்கம் இருக்கிற சின்னத் துளைக்கு அடைப்பான் போட்டாயிற்றா என்று பார்ப்பது. கட்டைவிரல் அளவு ரப்பரோ பிளாஸ்டிக்கோதான், 'பங்' என்பார்கள். அதை மறந்தால் கரையை விட்டுக் கால் மணி நேரத்தில் படகு கனத்துப்போய், காற்று இருந்தும் நகராமல் நிற்கும். எதற்கென்று தெரியாமல் பாயைத் திருகிக்கொண்டே இருப்பீர்கள். கிளப்பில் இருக்கிற பழைய ஆட்கள் அத்தனை பேரும் என்றாவது ஒருநாள் இதைச் செய்தவர்கள்தான், ஆனால் "பங் போட்டாச்சு சார்" என்று புதிதாக வந்தவர் தானாகச் சொன்னால் அவர்கள் முகம் மாறுவதைப் பாருங்கள்.

முடிச்சுகள் மூன்று தெரிந்தால் போதும். கயிற்று நுனி கப்பியிலிருந்து நழுவிப் போகாமல் இருக்க எட்டு வடிவ முடிச்சு. எவ்வளவு இழுத்தாலும் இறுகாத, வேலை முடிந்ததும் சுலபமாக அவிழ்கிற வளையமாக போலைன். படகைக் கம்பத்தில் கட்ட ஒரு சுற்று சுற்றி இரண்டு அரை முடிச்சு. இதைக் கிளப்பில் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை, வீட்டில் டிவி பார்த்துக்கொண்டே பைஜாமா நாடாவில் பழகலாம். கண்ணை மூடிக்கொண்டு போட வரும்வரை பழகுங்கள். நனைந்த கயிறு, ஆடுகிற படகு, பின்னாலிருந்து ஒருவர் கத்துகிறார் என்னும்போது கண் வேறு எங்கோதான் இருக்கும்.

துறையில் வேலை செய்கிற அண்ணன்மார்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். படகை இறக்குவது, ஏற்றுவது, பழுது பார்ப்பது, ரெஸ்க்யூ படகு ஓட்டுவது எல்லாம் இவர்கள் கையில். போனில் காற்று செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு "காற்று வேகம் பன்னிரண்டு நாட் காட்டுது" என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அவர் தெற்கே ஒரு பார்வை பார்த்துவிட்டு "இப்ப போவாதீங்க சார், அரை மணி நேரம் குந்துங்க" என்பார். குந்துங்கள். சரியாக அரை மணியில் காற்று திரும்பும். அவர்களை "ஏய்" என்று கூப்பிடுகிற ஆள் எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும் அவருடைய படகுதான் கடைசியாகத் தண்ணீரில் இறங்கும், இதை யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள், ஆனால் அப்படித்தான் நடக்கும். பெயர் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அண்ணா என்று கூப்பிடுங்கள். படகைக் கழுவும்போது நீங்களும் ஒரு கை கொடுங்கள். உப்புத் தண்ணீரில் போய் வந்த படகை நல்ல தண்ணீர் விட்டு அலசாமல் வைத்தால் கப்பி, கொக்கி எல்லாம் சீக்கிரமே பிடித்துக்கொள்ளும்.

காற்றைப் பற்றி இரண்டு வார்த்தை. சென்னையில் வெயில் காலத்தில் காலையில் நிலத்துப் பக்கமிருந்து மேற்குக் காற்று அடிக்கும், மதியம் வாக்கில் கடற்காற்று வந்து அதைத் தள்ளும். இரண்டும் கைமாறுகிற இடைவெளியில் கண்ணாடி மாதிரி தண்ணீர், ஒரு இலைகூட அசையாது, நடுவில் மாட்டினால் வெயிலில் கருவாடுதான். அதனால் நடுப்பகலில் இறங்குவதாக இருந்தால் குடிநீர் அதிகமாகவே எடுத்துப் போங்கள். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வாடைக் காற்று நல்ல வேகத்தில் ஓட்டத் தரும், கூடவே புயல் சின்னமும் வரும். துறைமுகத்தில் 1-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள் என்று செய்தியில் ஓடுகிறதே, நாம் அதைக் கேட்டுவிட்டு நாளை பள்ளி லீவா என்று பார்ப்போம். படகு ஓட்டுகிறவர்களுக்கு அன்றைக்கு வேறு வேலை: பாயைக் கழற்றி, பாய்மரத்தைப் படுக்க வைத்து, படகைத் தரையோடு சேர்த்துக் கட்டுவது. உறுப்பினராக ஆசைப்படுகிறவர் யாரும் கூப்பிடாமலே போய் நிற்க வேண்டிய நாள் அது. பந்தயத்தில் ஜெயித்ததை மறந்துவிடுவார்கள், புயலுக்கு முந்தின நாள் கயிறு இழுத்தவரை மறக்க மாட்டார்கள்.

விதிகளில் இரண்டை மட்டும் முதல் நாளே மனப்பாடம் செய்யுங்கள். எதிரெதிரே பாய்ப் படகுகள் வந்தால், காற்று வலப்பக்கத்திலிருந்து வாங்குகிற படகுக்கு வழி, இடப்பக்கம் வாங்குகிற படகு ஒதுங்க வேண்டும். பந்தயத்தில் எதிரே வருகிறவர் "ஸ்டார்போர்ட்!" (படகின் வலப்பக்கம்) என்று கத்தினால் திட்டுகிறார் என்று நினைக்காதீர்கள், வழி கேட்கிறார். இரண்டாவது, கப்பல். பாய்ப் படகுக்கு எந்திரப் படகு வழிவிட வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு துறைமுகக் கால்வாயில் கப்பலுக்கு முன்னால் போகிற புத்திசாலிகள் உண்டு. குறுகின கால்வாயை விட்டு விலக முடியாத கப்பலுக்குப் பாய்ப் படகு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்பதும் அதே சர்வதேச விதிப் புத்தகத்தில்தான் இருக்கிறது. அவ்வளவு பெரிய கண்டெய்னர் கப்பல் பிரேக் போட்டு நிற்காது. வெளியே போனால் காசிமேட்டிலிருந்து வருகிற மீனவர்களின் வலையும் இருக்கும். மிதவை தெரிந்தால் சுற்றிக்கொண்டு போங்கள், நமக்கு அது பொழுதுபோக்கு, அவர்களுக்கு அது அன்றையச் சோறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகுகள் இல்லாமல் கடல் காலியாகத் தெரியும், அப்போதும் ஃபைபர் படகுகள் வலை போட்டிருக்கும்.

படிவம், கையெழுத்து, கமிட்டி

இப்படி ஒரு சீசன் போல வந்து போய்க்கொண்டிருந்தால் யாராவது ஒருவர் "ஏங்க, நீங்க இன்னும் மெம்பர் ஆகலையா?" என்று கேட்பார். அந்தக் கேள்வி வந்தபின் விண்ணப்பிப்பதுதான் முறை. இந்த மாதிரிக் கிளப்புகளில் வழக்கமாக ஒரு முன்மொழிபவர், ஒரு வழிமொழிபவர் வேண்டும், இருவரும் சில காலமாக உறுப்பினராக இருப்பவர்கள். உங்களை யாருக்கும் தெரியாத நிலையில் இந்த இரண்டு கையெழுத்துக்காக அலைவதுதான் பலருக்குப் பெரிய சுவராகத் தெரிகிறது. தெரிந்தவரின் தெரிந்தவரைப் பிடித்து, ஐ.ஏ.எஸ். அதிகாரி சிபாரிசு வாங்கி, இப்படியெல்லாம் சிலர் முயல்வார்கள். கையெழுத்துக் கிடைத்துவிடலாம், ஆனால் பேட்டியில் "நீங்கள் எந்தப் படகு ஓட்டுகிறீர்கள்" என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? உங்களோடு ஒரே படகில் நனைந்தவர் போடுகிற கையெழுத்துக்கு கமிட்டியில் இருக்கிற எடை தனி.

விண்ணப்பித்தபின் பெயரை அறிவிப்புப் பலகையில் போட்டு ஆட்சேபம் இருக்கிறதா என்று பார்ப்பது, கமிட்டி உறுப்பினர்கள் கூப்பிட்டுப் பேசுவது, அப்புறம் வாக்கெடுப்பு, இதெல்லாம் பழைய பிரிட்டிஷ் கிளப்புகளிலிருந்து வந்த நடைமுறை. அந்தக் காலத்தில் பெட்டிக்குள் வெள்ளை உருண்டையோ கறுப்பு உருண்டையோ ரகசியமாகப் போடுவார்களாம், கறுப்பு விழுந்தால் அவ்வளவுதான், யார் போட்டார்கள் என்று தெரியாது. நம் ஊர் குடவோலைக்காவது ஒரு சின்னப் பையன் வந்து எல்லோர் முன்னாலும் ஓலையை எடுத்தான். இப்போது அவ்வளவு கெடுபிடி இல்லை. பேச்சு பெரும்பாலும் "வாரம் எத்தனை நாள் வருவீர்கள், பந்தயம் நடத்த உதவுவீர்களா, சொந்தப் படகு வாங்கும் எண்ணம் உண்டா" என்ற ரீதியில் போகும். வராத நாளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். மாதம் இரண்டு ஞாயிறு என்றால் இரண்டு ஞாயிறு என்றே சொல்லுங்கள்.

பந்தயம் நடத்த உதவுவது என்றேனே, அது தனி வழி. ஓட்டத் தெரியாவிட்டாலும் உள்ளே போகிற வழி. தொடக்கக் கோட்டில் நிற்கிற கமிட்டி படகில் கொடி ஏற்றி இறக்க, நேரம் சொல்ல, முடிக்கிற வரிசையை எழுத ஆள் வேண்டும். ஐந்து நிமிடம் இருக்கும்போது வகுப்புக் கொடி, அதாவது ஓடப்போகிற படகு வகையின் கொடி, ஏறும், நான்கு நிமிடத்தில் தயார்க் கொடி, ஒரு நிமிடத்தில் அது இறங்கும், பூஜ்யத்தில் வகுப்புக் கொடியும் இறங்கினால் பந்தயம் தொடங்கிவிட்டது. இதை நான்கு வாரம் செய்தால் யார் எப்படி ஓட்டுகிறார்கள், யார் எங்கே தவறு விடுகிறார்கள் என்று மேலிருந்து பார்க்கிற வாய்ப்பு, கமிட்டியில் இருக்கிறவர்களோடு ஒரே தேநீர் ஃபிளாஸ்க். இதைவிட மலிவான பள்ளிக்கூடம் கிடையாது.

பணம் விஷயத்தில் நான் தொகை எதுவும் எழுதப் போவதில்லை, மாறிக்கொண்டே இருக்கும், அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். என்னென்ன கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். சேர்க்கைக் கட்டணம் எவ்வளவு, அதைத் தவணையில் கட்டலாமா. ஆண்டுச் சந்தா எவ்வளவு, எந்த மாதம். கேன்டீனில் மாதம் இவ்வளவு சாப்பிட்டே ஆக வேண்டும் என்ற நிபந்தனை உண்டா. சொன்ன தொகைக்கு மேல் ஜி.எஸ்.டி. தனியா, உள்ளடக்கமா. கிளப் படகை எடுத்தால் மணிக்கு எவ்வளவு, உடைத்தால் யார் செலவு. சொந்தப் படகு வைத்தால் அதை நிறுத்த வாடகை என்ன. கணவனோ மனைவியோ பிள்ளைகளோ அதே உறுப்பினர் அட்டையில் வருவார்களா, பிள்ளைக்கு எத்தனை வயது வரை. மாணவர்களுக்கு, இளைஞர்களுக்கு, படகு மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு என்று குறைந்த கட்டணத்தில் தனிப் பிரிவு இருக்கிறதா. இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, கேட்காமல் அவர்களும் சொல்வதில்லை. முழு உறுப்பினருக்கு வாக்குரிமை இருக்கும், மற்றவர்களுக்கு இருக்காது, தண்ணீரில் இரண்டு பேருக்கும் ஒரே காற்றுதான் அடிக்கும்.

சாமான்களுக்கு அவசரப்பட்டுச் செலவழிக்காதீர்கள். ஆரம்பத்தில் லைஃப் ஜாக்கெட்டைக் கிளப்பே கொடுக்கும். முழுக்கை நைலான் டீ-ஷர்ட், முழங்கால் வரை வருகிற பேன்ட், நாடா வைத்த தொப்பி, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கயிறு, பழைய கேன்வாஸ் ஷூ. பருத்தி வேண்டாம், நனைந்தால் காயாது, உரசி எரியும். வெறுங்காலில் சறுக்குத் துறையில் இறங்காதீர்கள். பாசி வழுக்கும், மட்டிச் சிப்பி கிழிக்கும். கயிறு இழுத்து உள்ளங்கை உரியும், சைக்கிள் கையுறை போதும். சாவி, போன் எல்லாம் கரையில் வைத்துவிடுங்கள். தண்ணீர் புகாத பை என்று விற்கிறவை பல முதல் கவிழ்தலிலேயே புகவிடும்.

கரையில் உடை? 2014-ல் சேப்பாக்கத்தில் ஒரு கிளப் விழாவுக்கு வேட்டியில் வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பி, அது பெரிய பிரச்சினையாகி, அதே ஆண்டு வேட்டி கட்டி வருகிறவரைக் கிளப்புகள் தடுக்கக் கூடாது என்று தமிழ்நாடு அரசு சட்டமே போட்டது ஞாபகம் இருக்கலாம். ஆகவே வேட்டிக்குப் பயமில்லை. படகுத்துறையில் எல்லோரும் நனைந்த அரைக்கால் சட்டையில்தான் நிற்பார்கள், மாலையில் விருந்து என்றால் அழைப்பிதழைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்காக விசாரிக்கிற பெற்றோர்களுக்கு: உங்கள் வழி இன்னும் சுலபம். கோடை விடுமுறை முகாமில் சேர்த்துவிடுங்கள், எட்டு ஒன்பது வயது சரியான வயது. ஆனால் கரையில் நின்று "கண்ணா, இழு, இழு!" என்று கத்தாதீர்கள். காற்றில் அது கேட்காது, கேட்டாலும் தப்பான கயிற்றைத்தான் இழுப்பான். பிள்ளைக்குப் பிடித்துப்போய் போட்டி வரைக்கும் போனால் வார இறுதி முழுக்க உங்களுடையது இல்லை, வெளியூர்ப் பயணம், பாய் மாற்றும் செலவு எல்லாம் வரும். அதை முதலாம் ஆண்டே யோசிக்க வேண்டாம்.

சென்னையில் இல்லாதவர்கள் இந்திய யாட்டிங் அசோசியேஷனில் சேர்ந்த கிளப்புகளைத் தேடினால் அருகில் இருப்பது தெரியும். கடல்தான் வேண்டும் என்றில்லை, ஹைதராபாத்தில் ஹுசைன் சாகர் ஏரியில் தேசியப் போட்டிகளே நடக்கின்றன. மும்பைக்கு மாற்றலாகிப் போகிறவர்களுக்கு 1846-ல் தொடங்கிய ராயல் பாம்பே யாட் கிளப் இருக்கிறது. ஒரு கிளப்பில் உறுப்பினராக இருந்தால் ஒப்பந்தம் உள்ள வேறு ஊர்க் கிளப்பில் விருந்தினராகப் போகலாம், கையில் அறிமுகக் கடிதம் ஒன்று வாங்கிப் போவது நல்லது.

சேர்ந்தாயிற்று, அட்டை கைக்கு வந்தாயிற்று என்றால் ஒரு பழக்கத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: படகு எடுக்கும்போது வெளியே போகிற பதிவேட்டில் பெயர், படகு எண், நேரம் எழுதுவது, திரும்பியதும் வந்த நேரத்தை எழுதுவது. வந்ததை எழுதாமல் வீட்டுக்குப் போய்விட்டால் இருட்டுகிற நேரத்தில் ரெஸ்க்யூ படகு உங்களைத் தேடிக் கிளம்பும், நீங்கள் தியாகராய நகரில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். அப்புறம், வேலைக்காக வெளியூரோ வெளிநாடோ போவதானால் சும்மா வராமல் இருந்துவிடாதீர்கள், எழுதிக் கொடுங்கள். வெளியூரில் இருக்கிற உறுப்பினருக்குச் சந்தாவைக் குறைத்துப் போடுகிற வசதி பல கிளப்புகளில் உண்டு; எழுதிக் கொடுக்காதவர் கணக்கில் சந்தாவும் அபராதமும் ஏறிக்கொண்டே போய், கடைசியில் நிலுவைக்காரர்கள் பட்டியலில் பெயர் அறிவிப்புப் பலகையில் தொங்கும். பெயர் நீக்கிவிட்டால் சேர்க்கைக் கட்டணத்தைத் திரும்பவும் முதலிலிருந்து கட்ட வேண்டியிருக்கும்.